எலுமிச்சம்பழமும் எச்சரிக்கை மணியும்

விராலிமலை அடிவாரத்தில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் காலை வேளையில் போய் நின்றால், புதிதாக வாங்கிய மோட்டார் வண்டிகள் பூசைக்கு வந்து நிற்பதைக் காணலாம். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். முன்பக்கத்தில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்த ஒரு கயிறு. உள்ளே கண்ணாடிக்கு எதிரில் ஒரு சிறு சாமி. சக்கரம் பழத்தை நசுக்கியதும் "இனி ஒரு குறையும் வராது" என்று சொல்லித் தட்சணையை வாங்கிக்கொண்டு ஒருவர் போகிறார். வண்டிக்காரரும் மன நிம்மதியோடு சாலையில் ஏறுகிறார்.

அந்தத் தோழரை நிறுத்தி, "உமது இஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் எத்தனை லிட்டர்? வழியில் அது ஒழுகிப்போனால் உமக்கு யார் சொல்லுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். சிலர், "முள் காட்டுமே" என்பார்கள். விழிக்கிறவரைவிட முள்ளை நம்புகிறவருக்குத்தான் இந்த வியாசம் அதிகம் வேண்டியது. பழத்தை நம்புவது மூடநம்பிக்கை என்று நாம் சொன்னால் ஒப்புக்கொள்ளுகிறவர்கள்கூட, முள்ளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புவதும் அதே ஜாதியைச் சேர்ந்ததுதான் என்பதை யோசிப்பதில்லை.

இந்த ஊர் முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பது வழக்கம் என்பது நாடறிந்த விஷயம். சாமிக்குப் புகை பிடிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் மோட்டார் இஞ்சினுக்குப் பிடிக்காது. பானெட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பினால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் கூடவே கிளம்பிவிடுகிறது.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். எங்கள் தெருவில் ஒரு தோழர், வாலிபர். கடன்பட்டு ஒரு பழைய வேனை வாங்கி, கல்யாணக்காரர்களையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றி, மாதத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தவர். ஒரு முகூர்த்த நாளில் கல்யாணக்காரர்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டார். காலையில் வழக்கம்போல் பழம் நசுக்கியாயிற்று. துவரங்குறிச்சியைத் தாண்டிய சிறிது நேரத்தில் சூடு காட்டுகிற முள் கொஞ்சம் மேலே ஏறிற்று. பயந்துபோனார். ஆனால் நிறுத்த இடம் பார்ப்பதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "முருகன் காப்பாத்திட்டான்ப்பா" என்றார். இவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினார். இன்னும் பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் இஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு, இறுகி, நடுச்சாலையில் நின்றுபோயிற்று. கல்யாணக்காரர்கள் வெயிலில் இறங்கி நின்றார்கள்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தபோது நானும் கூட இருந்தேன். பட்டறைக்காரர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, ஹீட் ஏறினது தெரியலையா?"

"ஏறுச்சுண்ணே. ஆனா முள்ளு தானா இறங்கிடுச்சே!"

"முள்ளு இறங்கினது சூடு இறங்கினதாலே இல்லை தம்பி. உள்ளே தண்ணியே இல்லை. தொட்டுப் பார்க்க ஒண்ணும் இல்லாம அது இறங்கியிருக்கு."

நடந்தது இவ்வளவுதான். ரேடியேட்டரின் கீழ்க்குழாயை இறுக்கியிருந்த ஒரு கிளிப்பு தளர்ந்து, தண்ணீர் முழுவதும் சாலையிலேயே ஒழுகிப்போயிற்று. சில ரூபாய் பெறுமானமுள்ள கிளிப்பு. அதன் பலனாக ஹெட் வளைந்து, பிஸ்டன் இறுகி, பல பதினாயிரம் ரூபாய்ச் செலவு. வண்டி மூன்று வாரம் பட்டறையில். அந்த மாதத் தவணைக்குப் பெண்சாதியின் காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிற்று.

நிற்க. முள் ஏன் பொய் சொல்லிற்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எழுதுகிற நான் இஞ்சினீயர் பரீட்சை கொடுத்தவன் அல்லன். பட்டறைப் பலகையில் உட்கார்ந்து கேட்டும், கிடைத்த புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தும் தெரிந்துகொண்டவன். ஆனதினால் எனக்கு விளங்கிய அளவு எல்லாருக்கும் விளங்கும்.

எரிகிற எண்ணெயிலிருந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. மிச்சமுள்ளதில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கவேண்டும். சிலிண்டருக்குள் தீப்பிடிக்கும் கணத்தில் வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். அதற்கு மூடியாக இருக்கிற ஹெட்டோ இன்றைய வண்டிகளில் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இந்த இரண்டுக்கும் மத்தியில் நின்று உயிரைக் காப்பாற்றுவது அந்தச் சில லிட்டர்த் தண்ணீரும், அதில் கலந்த கூலண்டும்தான்.

கத்திரி வெயிலினால் இஞ்சின் கொதித்தது என்றும், கண் பட்டதினால் கொதித்தது என்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கத்திரியில் புதுக்கோட்டைச் சீமையின் வெயில் 40 டிகிரி என்றே வையுங்கள். நல்ல இஞ்சின் ஓடும்போது அதன் தண்ணீர் 90 டிகிரி சுமாரில் இருக்கும். 90-க்கும் 40-க்கும் இன்னும் 50 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. உஷ்ணம் வெளியே போவதற்கு அது தாராளமாகப் போதும். சரியாக இருக்கிற வண்டி கத்திரியிலும் ஓடும். கொதிக்கிற வண்டியில் ஒழுகுகிற குழாயோ, சுற்றாத விசிறியோ, திறக்காத தெர்மோஸ்டாட்டோ, வேலை செய்யாத வாட்டர் பம்ப்போ, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே காரை படிந்துபோன ரேடியேட்டரோ கட்டாயம் இருக்கும். வெயில் அந்தக் குற்றத்தை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை. கண் திருஷ்டியோ இரண்டிலும் சேர்ந்ததல்ல.

இப்பொழுது முள்ளுக்கு வருவோம். முள்ளுக்குச் செய்தி சொல்லுகிற உணரி தண்ணீருக்குள் மூழ்கி நின்று, தன்னைத் தொடுகிற தண்ணீரின் சூட்டை அளக்கிறது. தண்ணீர் ஓடிப்போய்விட்டால் அதைச் சுற்றிலும் காற்றும் ஆவியும்தான் மிஞ்சும். அவை தண்ணீரைப்போல உஷ்ணத்தைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. ஆகவே ஹெட் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போதே பல வண்டிகளில் முள் கீழே இறங்கிவிடும். பல்ஸ் பார்க்கிற வைத்தியரின் கையிலிருந்து நோயாளியின் கையை எடுத்துவிட்டு, "ஜுரம் இல்லை" என்று அவர் சொன்னால் எப்படியோ அப்படி.

போதாததற்கு இன்னொரு விஷயம். பல வண்டிகளில் சூடு பத்துப் பதினைந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி கம்பெனிக்காரர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முள் ஆடினால் வாங்கினவர் பயந்துகொண்டு ஓடி வருவாராம். அந்தத் தொந்தரவு வேண்டாமாம். பல சிறு கார்களில் முள்ளையே எடுத்துவிட்டு, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு என்று வைத்துவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது அநேகமாகக் காரியம் மிஞ்சியிருக்கும். சூடு மிஞ்சினால் தானாகவே இஞ்சினின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுகிற புது வண்டிகளும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றிலும் பலவற்றுக்குக் கண் அந்த ஒரே உணரிதான்.

"உனக்கு ஒன்றும் தெரியவேண்டாம், நீ கவலைப்படாமல் போ" என்று தட்சணை வாங்கினவர் சொல்லுகிறார். அதையேதான் கம்பெனிக்காரரும் சொல்லுகிறார். நமக்குக் கவலை இல்லாமலிருப்பது இருவருக்கும் சௌகரியம். ஹெட் வளைந்தால் இருவரில் எவரும் தவணை கட்ட வரப்போவதில்லை.

சரி, இதற்கு வழி உண்டா என்றால் உண்டு. அது நேற்று முளைத்ததுமல்ல. 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில் ரிச்சர்டு டிரெவிதிக் என்பவருடைய நீராவி இஞ்சினின் கொதிகலம் வெடித்து நான்கு பேர் செத்தார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியவன் கவனிக்காததே காரணம் என்பது டிரெவிதிக்கின் கருத்து. அதற்காக அவர் கொதிகலத்துக்குப் பரிகாரம் செய்யவில்லை. "கவனிக்கிறவன் தவறினாலும் கலமே சொல்லும்படி செய்கிறேன்" என்ற முடிவுக்கு வந்து, இரண்டு பாதுகாப்பு வால்வுகளை வைத்தார். ஒன்றில் ஓட்டுகிறவன் கை வைக்க முடியாது. கொதிகலத்தில் ஓர் ஈயத்தக்கையையும் பதித்தார். தண்ணீர் இருக்கிறவரையில் தக்கை குளிர்ந்திருக்கும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனால் ஈயம் உருகி, ஆவி சீறிக்கொண்டு வந்து ஆபத்தைச் சொல்லும். 220 வருஷங்களுக்கு முன் அந்த மனிதர் கண்ட உண்மை என்ன? தண்ணீர் இல்லாமல் போவதையே நேராகக் கண்டு சொல்லுகிற சாதனம் தனியாக வேண்டும் என்பதுதான்.

மோட்டாருக்கும் அப்படியே. 1912 வாக்கில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று ஒரு சாதனம் வந்தது. ரேடியேட்டர் மூடியின்மேல் நிற்கிற ஓர் உஷ்ணமானி. ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே அதன் சிவப்புக் கோட்டைப் பார்க்கலாம். வண்டிக்காரர்கள் கடையில் வாங்கித் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். ஆகவே "எங்கள் பாட்டன் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம்: இருந்தது. உமது பாட்டனுக்குத்தான் வண்டி இல்லை.

இன்று கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளக் கூடியவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிற மணி. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் அல்லது மேல்குழாயில் ஒரு சிறு உலோக முனை நிற்கும். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரையில் அதன் வழியே சொற்ப மின்சாரம் ஓடும். மட்டம் இறங்கினால் மின்சாரம் அறும். மணி அடிக்கும், விளக்கு எரியும். எங்கள் தெருத் தோழருக்கு இது இருந்திருந்தால் முள் ஏறுவதற்கு முன்பே துவரங்குறிச்சியில் நிறுத்தியிருப்பார். ஆனால் ஒன்று: உபரித் தண்ணீருக்காக வைத்திருக்கிற பாட்டிலில் மாத்திரம் இதைப் பொருத்தினால் போதாது. ரேடியேட்டர் மூடியோ குழாயோ கெட்டுப்போனால், பாட்டில் நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் காலியாகிவிடக்கூடும். பக்கத்து வீட்டுக் குடம் நிறைந்திருந்தால் நம் வீட்டு உலை கொதிக்காது.

இரண்டாவது, ஹெட்டின் உலோகச் சூட்டைப் பார்க்கிற மணி. வளையம்போன்ற ஓர் உணரியை ஹெட்டிலுள்ள ஒரு போல்ட்டின் கீழ் வைத்து முடுக்கிவிடுவார்கள். அது தண்ணீரை நம்பி இல்லை, உலோகத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது சாதாரணமாக அது காட்டுகிற உச்சச் சூட்டைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு எட்டுப் பத்து டிகிரி மேலே மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள கம்ப்யூட்டர்ச் சொருகியில் மாட்டிச் சூட்டை எண்ணாகக் காட்டுகிற கருவி. 2013 ஏப்ரலுக்குப் பின் நம் நாட்டில் விற்ற கார்களில் இந்தச் சொருகியைக் காணலாம். அசையாத முள்ளைவிட எண் நல்லது. ஒவ்வொரு டிகிரியும் தெரியும். ஆனால் அதுவும் அதே பழைய உணரியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போய்விட்டால் அதுவும் முள்ளோடு சேர்ந்து பொய் சொல்லும். ஆகவே மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற ஏழைத் தோழருக்கு நமது அபிப்பிராயம், முதலிரண்டில் ஒன்றை வாங்க வேண்டும் என்பதே. விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரையில் இருக்கும். ஒரு புது வண்டிப் பூசைக்கு ஆகும் மாலை, தட்சணை, சாப்பாட்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து, அதன் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இந்த மணியையும் மாட்டிவிட்டு, "இனி ஒரு குறையும் வராது" என்று இருப்பீர்களானால் நீங்கள் எலுமிச்சம்பழத்தை மாற்றினீர்களே ஒழியப் புத்தியை மாற்றவில்லை. சும்மா இருக்கிற மணி இரண்டு காரணத்தால் சும்மா இருக்கலாம். எல்லாம் சரியாக இருப்பதால் இருக்கலாம். மணியே செத்துப்போனதால் இருக்கலாம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் வாங்கும்போதே கடைக்காரரிடம், "வயர் அறுந்தால் இது அடிக்குமா, சும்மா இருக்குமா?" என்று கேளுங்கள். அடிக்கும் என்றால் நல்ல சாதனம். சாவி போட்டவுடன் ஒரு தரம் கத்தித் தன் உயிரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை வயரைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். ஃபியூஸ் இல்லாமல் பொருத்த விடாதீர்கள். காரண்டியுள்ள புது வண்டியானால் வயரை வெட்டுவதற்கு முன் காரண்டிக் காகிதத்தைப் படியுங்கள். சோதனைக்கு உட்படுவதுதான் சாதனத்துக்கு யோக்கியதை. "சோதிக்காதே, நம்பு" என்று சொல்லுகிற எதுவும் உங்களைக் காப்பாற்ற வந்ததல்ல.

மணி அடித்தால் செய்ய வேண்டியது இது. தண்ணீர் மணியானால் ஓரமாக ஒதுக்கி உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். "அடுத்த பெட்ரோல் பங்க் வரையில்" என்கிற பேச்சே கூடாது. சூட்டு மணி மாத்திரம் அடித்து, தண்ணீர் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால், ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, ஒதுங்க இடம் பார்க்கலாம். ஹீட்டர் கொஞ்சம் உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும். அதிலும் இறங்காவிட்டால் நிறுத்தியே ஆகவேண்டும். எந்த நிலையிலும் சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அந்த அழுத்தத்தினால் 120 டிகிரி சுமார் வரையில் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல்குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறின பிறகே திறக்க வேண்டும். பழுக்கக் காய்ந்த இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது; சூடான உலோகம் திடீரென்று சுருங்கி வெடிக்கும்.

"இதெல்லாம் பணக்காரர் கவலை" என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். நேர்மாறு. பணக்காரனுடைய கார் நின்றால் இன்னொரு கார் வரும். வாடகை வேன்காரர், பால் வண்டிக்காரர், காய்கறி ஏற்றுகிறவர் ஆகியோருடைய வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களிடத்தில்தான் "உனக்கு எதற்கு?" என்று சொல்லி அறிவை மறைப்பதும் அதிகம்.

எங்கள் தெருத் தோழர் இப்பொழுது தண்ணீர் மணி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். பழத்தை நிறுத்தினாரா என்று நான் கேட்கவில்லை. அது அவர் வீட்டு விவகாரம். ஆனால் தினமும் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கிறார். குழாய்களை அமுக்கிப் பார்க்கிறார். கிளிப்புகளைத் திருகிப் பார்க்கிறார். சாவி போட்டதும் மணி கத்துகிறதா என்று காது கொடுக்கிறார். பின்னால் உட்காருகிறவர்கள் அதைப் பார்த்து, "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறார்களாம். "ரிப்பேர் ஆகாமலிருக்கத்தான் பார்க்கிறேன்" என்கிறாராம்.

தோழர்களே! முள் நடுவில் நிற்கிறது என்பதற்காக நிம்மதி கொள்ளாதீர்கள். அது எதைத் தொட்டுக்கொண்டு அப்படி நிற்கிறது என்று கேளுங்கள். நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன் பானெட்டை ஒரு முறை திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.